அட்டையின் அடியில் இருக்கும் எண்

அருங்காட்சியகம் போனால் பொருளைப் பார்ப்பேன், பெயரைப் படிப்பேன், நகர்ந்துவிடுவேன். விளக்க அட்டையின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்குமே, அதைக் கண்டுகொண்டதே இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட வந்த தோழிதான் சொல்லிக்கொடுத்தாள். "முதல் நாலு இலக்கம் வருடம், அப்புறம் மாதமும் தேதியும். பொருள் இங்கே பதிவான நாள்."

கீழ்த்தளத்தில், இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் அரண்மனைப் பித்தளைத் தகடுகளை உயரமான கம்பிகளில் மாட்டியிருக்கிறார்கள். ஒன்றின் அருகில் போய் நின்றேன். நடுவில் ஒரு வீரன். அவனைச் சுற்றி இடம் விடாமல் இலை வடிவில் செதுக்கிய கோடுகள். ஓரங்களில் ஆணித் துளைகள். அரண்மனைத் தூண்களில் அடித்து வைத்திருந்தவை அல்லவா. எண்ணைப் பார்த்தேன்: 1898,0115. அதாவது 1898 ஜனவரி 15. பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைப் பிடித்துச் சூறையாடியது 1897 பிப்ரவரியில். பதினோரு மாதம்கூட ஆகவில்லை. பெனின் மன்னர் ஓவொன்ராம்வென் அப்போது நாடு கடத்தப்பட்டுக் கலபார் என்ற துறைமுக ஊரில் இருந்தார். துளைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன், நகர மனம் வரவில்லை.

பிறகு ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்கள். கண்ணாடிக்குப் பின்னால், இரண்டு பக்கமும் செதுக்கிய சுண்ணாம்புக்கல் பலகை ஒன்று. முன்பக்கம் முழு ஸ்தூபம். பின்பக்கம் அதைவிடப் பழைய போதிமர வழிபாடு. எண் 1880,0709 என்று தொடங்கியது. ஆனால் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அமராவதியில் தோண்டியது 1845-இல். கற்கள் சென்னை வந்து, 1859-இல் கப்பலேறி லண்டன் போய், அங்கே வேறொரு அருங்காட்சியகத்தில் இருந்து, அது கலைக்கப்பட்ட பிறகுதான் இங்கே வந்தன. பொருள் உள்ளே வந்த நாளைத்தான் எண் சொல்கிறது, சொந்த மண்ணைவிட்டுப் போன நாளை அல்ல. இது எனக்கு அன்றுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெனின் தகட்டின் எண்ணை மியூசியத்தின் இணையதளத்தில் தேடினேன். நன்கொடை அளித்தவர்: பிரிட்டன் வெளியுறவு அமைச்சர். நன்கொடையாம்! படையெடுத்து அள்ளிக்கொண்டு வந்ததற்கு அந்தச் சொல்லை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அதே லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகம் 2022-இல் தன்னிடமிருந்த 72 பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. பிரிட்டிஷ் மியூசியத்தைக் கேட்டால், பொருள்களைத் திருப்பிக் கொடுக்க 1963-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்கிறார்கள். சரி, நாடாளுமன்றம் போட்ட சட்டம்தானே, நாடாளுமன்றமே மாற்றட்டும்.