எல்லாக் குரலிலும் பேசும் ஆம்ப்புக்குச் சொந்தக் குரல் உண்டா?

ஆறாவது கம்பி:

வணக்கம். கிட்டார் வாசிக்க ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. போன தீபாவளிக்குப் பழைய 15 வாட் பெட்டியைக் கொடுத்துவிட்டு மற்ற ஆம்ப்களின் சத்தத்தைச் சிப்பால் போலச் செய்யும் மாடலிங் ஆம்ப் ஒன்று வாங்கினேன். 50 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, வால்வு (பழைய ஆம்ப்களில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்) கிடையாது. குமிழை ஒரு பக்கம் திருப்பினால் அமெரிக்க க்ளீன், கொஞ்சம் தள்ளினால் பிரிட்டிஷ் க்ரஞ்ச், அதற்கும் மேலே மெட்டல். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் இழை அந்தச் சண்டையிலேயே முடிந்துவிடும்.

வீட்டில் வாசிக்கும்போது அருமையாக இருக்கிறது. ரிகர்சலுக்குக் கொண்டுபோனால் என் கிட்டார் காணாமல் போகிறது. வால்யூமை ஏற்றினால் டிரம்ஸ் வாசிப்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார், ஆனால் எனக்கு நான் வாசிப்பது கேட்கவில்லை. இது எப்படி என்றே புரியவில்லை.

போன வாரம் எங்கள் கீபோர்டு அண்ணன், "உன் ஆம்ப் எல்லாரையும் மிமிக்ரி பண்ணுதுடா, அதுக்குன்னு ஒரு தொண்டை இல்ல" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எதை வாசித்தாலும் அந்த வார்த்தைதான் கேட்கிறது. பல வேலை செய்யும் ஆம்ப்புக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று இருக்குமா? இல்லையென்றால் விற்றுவிட்டு ஒரே வேலையை ஒழுங்காகச் செய்யும் வால்வு ஆம்ப் வாங்கலாமா?

சூடான வால்வு:

விற்றுவிடுங்கள். சிப்புக்குள் குரல் இருக்காது. 5 வாட் வால்வு ஆம்ப் ஒன்று வாங்குங்கள், உங்களுக்கே தெரியும்.

நாலு கம்பிக்காரன்:

5 வாட்டை வைத்துக்கொண்டு டிரம்ஸ் பக்கத்தில் க்ளீனாக வாசிக்கச் சொல்கிறீர்களா? தம்பி, முதலில் குமிழ் எல்லாம் எந்த எண்ணில் இருக்கிறது, ஆம்ப்பை எங்கே வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

ஆறாவது கம்பி:

பேஸ் 8, மிட் 3, ட்ரெபிள் 7, கெயின் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் குமிழ்) 7, ரிவெர்ப் பாதிக்கு மேல். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மாஸ்டரை 1-இல் வைத்துச் செய்த செட்டிங். ரிகர்சல் அறையில் மூலையில், தரையில் வைப்பேன். வேறு இடமில்லை.

ஈயப்பற்று:

இருபது வருடமாக ஆம்ப் பழுது பார்க்கிறேன், பிரித்துப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல். ஒன்றை மற்றொன்றின் தலையில் கட்டிவிட்டீர்கள்.

பேண்டில் காணாமல் போவதை முதலில் பார்ப்போம். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் குறைத்தே கேட்கும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். ராத்திரி மெதுவாக வாசிக்கும்போது அந்தக் குறையை ஈடுகட்ட பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றியிருக்கிறீர்கள். அதே எண்ணை வைத்துச் சத்தத்தை மட்டும் கூட்டினால் காது இரண்டையும் முழுசாகக் கேட்கும். கீழே குமுறும், மேலே குத்தும், நடுவில் ஒன்றும் இருக்காது. கிட்டார் குடியிருப்பதே நடுவில்தான். உங்கள் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41. பேஸை 8-இல் வைத்தால் நாலு கம்பிக்காரர் இடத்தில்தான் போய் உட்காருவீர்கள். அங்கே அவர்தான் ஜெயிப்பார். மேலே சிம்பல் ஜெயிக்கும். மிச்சம் இருந்த மிட்டை நீங்களே 3-க்கு இறக்கிவிட்டீர்கள்.

அடுத்தது, வைத்த இடம். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை இன்னும் தூக்கிவிடும். 12 அங்குல ஸ்பீக்கரிலிருந்து ட்ரெபிள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். தரையில் இருக்கும் ஆம்ப்பின் அந்த வெளிச்சம் உங்கள் முழங்காலில் விழுகிறது. உங்களுக்கு மந்தமாகக் கேட்கிறது, நீங்கள் ட்ரெபிளை ஏற்றுகிறீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரருக்கு அது நேராகக் காதில். அவர் காதைப் பொத்துகிறார், எனக்குக் கேட்கவில்லை என்றீர்களே, இரண்டுமே உண்மைதான், ஆள்தான் வேறு. ஒரு நாற்காலியில் வையுங்கள், கொஞ்சம் பின்னால் சாய்த்து.

இந்த வாரம் பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 5, கெயின் 4, ரிவெர்ப் கால்வாசி. வீட்டில் கேட்டால் அசிங்கமாக இருக்கும். பரவாயில்லை, வீட்டுக்கு வேறு செட்டிங் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குரல் விஷயம். கீபோர்டு அண்ணன் சொன்ன உவமையையே எடுத்துக்கொள்வோம். மிமிக்ரி கலைஞர் பத்து நடிகர்கள் மாதிரிப் பேசினாலும் பேசுவது ஒரே தொண்டை. கொஞ்ச நேரம் கேட்டால் அது தெரிந்துவிடும். ஆம்ப்பும் அப்படித்தான். எந்தக் குமிழைத் திருப்பினாலும் மாறாமல் நிற்பது எதுவோ அதுதான் அதன் குரல். உங்கள் பெட்டியில் மாறாமல் நிற்பது ஸ்பீக்கர், மரப்பெட்டி, பவர் ஆம்ப். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும், அதற்குக் கீழேயும் ஒரே சீராக இருக்காது. சிப் எத்தனை ஆம்ப்பாக வேஷம் போட்டாலும் கடைசியில் இந்த ஒரே வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

காப்பியடித்தால் தனிக்குரல் வராது என்பதும் சரியில்லை. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் உருவான ஜேடிஎம்45 ஆம்ப்பின் சர்க்யூட், அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் 1959 பேஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டை அப்படியே ஒட்டியது. இதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் ஃபெண்டர் பின்பக்கம் திறந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு வைத்திருந்தது. மார்ஷல் மூடிய பெட்டியில் செலஷன் கம்பெனியின் 12 அங்குல ஸ்பீக்கர் நான்கை வைத்தார். முதல் வால்வும் கூடுதலாகப் பெருக்கும் வகை. அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். இன்றைக்கு "மார்ஷல் சத்தம்" என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதே!

சூடான வால்வு:

அதைத்தானே நானும் சொல்கிறேன், வால்வு!

ஈயப்பற்று:

ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்பில் ஒரு வால்வும் இல்லை. 1975-இல் வந்தது. இரண்டு ஸ்பீக்கரிலும் விரியும், பல கிட்டார் சேர்ந்து வாசிப்பது மாதிரியான அந்தக் கோரஸை ஒரு தடவை கேட்டால் மறக்க முடியுமா? வால்வு பவர் ஆம்ப் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிக்காது. அதனால் ஸ்பீக்கரின் சொந்தக் குணம், முக்கியமாகக் கீழே வரும் அந்த அதிர்வு, கூடுதலாக வெளியே தெரியும். டிரான்சிஸ்டர் பெரும்பாலும் இறுக்கிப் பிடிக்கும். இரண்டும் வேறு குரல், அவ்வளவுதான்.

நாலு கம்பிக்காரன்:

"பல வேலை செய்வது எதையும் உருப்படியாகச் செய்யாது" என்பவர்களுக்கு மெசா பூகி மார்க் வரிசை ஆம்ப் ஒன்றைக் காட்ட வேண்டும். ராண்டல் ஸ்மித் சின்ன ஃபெண்டர் பிரின்ஸ்டனைப் பிரித்துத் திருத்தியதில் தொடங்கிய குடும்பம். க்ளீன் முதல் கனமான மெட்டல் வரை எல்லாம் செய்யும். ஆனாலும் லீடைக் கேட்டால் இது பூகி என்று சொல்லிவிடலாம். அதில் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்கு (கரகரப்புக்கு) முன்னால் வருகின்றன. தெரியாமல் பேஸைப் பாதிக்கு வைத்தால் எல்லாம் சேறு. அதனால் பேஸை 2-இல் வைத்துவிட்டு, டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வரும் ஐந்து ஸ்லைடரில் 80 ஹெர்ட்ஸை ஏற்றிக்கொள்வார்கள்.  முன்னால் குமிழ், பின்னால் ஸ்லைடர் என்ற அந்த வரிசைதான் அதன் தொண்டை என்பேன்.

காது மட்டும்:

ஒரு மாற்றுக் கருத்து. மைக் வைத்து ரெக்கார்ட் செய்து, மிக்ஸில் போட்ட பிறகு எது மாடலிங், எது அசல் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் நான் தோற்றுவிடுவேன். இங்கே பேசுகிற பாதிப் பேரும் தோற்பார்கள். குரலில் பெரும்பங்கு விரலில் இருக்கிறது.

ஈயப்பற்று:

மறுக்கவில்லை. அதனால்தான் தம்பி, எங்கள் பேச்சை நம்பாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே கிட்டார், ஒரே பிக்கப், பத்து விநாடிக்கு ஒரே துணுக்கு. டோன் குமிழ் எல்லாம் நடுவில், ரிவெர்ப் மொத்தமாக அணைத்து. ஒவ்வொரு சேனலையும் காதுக்கு ஒரே சத்தமாக வைத்து, ஒரு மீட்டர் தள்ளி போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். யூஎஸ்பி வழியாகப் பதிவு செய்யாதீர்கள், அதில் ஸ்பீக்கர் மாதிரியே ஒரு போலி வடிகட்டி இருக்கும். அது வேறு தொண்டை. யூட்யூப் டெமோ பலவும் அப்படிப் பதிவானவைதான், அறையில் அந்தச் சத்தம் வராததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு கலைத்துப் போட்டுக் கேளுங்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது என்ன என்று எழுதுங்கள்.

ஆறாவது கம்பி:

ஞாயிற்றுக்கிழமை ரிகர்சல் முடிந்தது. முதலில் அது: நாற்காலி, பேஸ் 4, மிட் 7. அண்ணா சொன்ன மாதிரியே வீட்டில் கேட்கச் சகிக்கவில்லை, தகர டப்பா. அங்கே போய் வாசித்தால் முதல் பாட்டிலேயே தனியாகக் கேட்டது, வால்யூம் போன வாரத்தைவிடக் கம்மி. டிரம்ஸ்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே பெரிய பாராட்டு. கீபோர்டு அண்ணன் இடது கையால் ஸ்ட்ரிங்ஸைப் பரப்பும்போது மட்டும் மறுபடி மூழ்கிவிடுகிறேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சோதனையும் செய்தேன். ஐந்து சேனல். அமெரிக்கன், பிரிட்டிஷ் என்று பெயர் போட்ட இரண்டுக்கும் கெயினைத் தவிரப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அது ஒரு ஏமாற்றம். ஆனால் ஐந்திலும் ஒன்று வருகிறது: மூன்றாவது கம்பியில் ஏழாவது கட்டுக்கு மேலே போனால் லேசான மூக்குக் குரல். சளி பிடித்தவர் பாடுகிற மாதிரி. முன்பே கேட்டிருக்கிறேன், என் கிட்டாரின் குறை என்று நினைத்தேன். நண்பனின் கிட்டாரைச் செருகினாலும் அதேதான்.

ஈயப்பற்று:

அதுதான் ஸ்பீக்கரும் பெட்டியும். கிடைத்துவிட்டதே! பிடிக்கவில்லையென்றால் ஸ்பீக்கரை மாற்றலாம், ஆம்ப்பை விற்பதைவிடச் செலவு குறைவு. ஓம்ஸ் (மின்தடை அளவு) பழைய ஸ்பீக்கருக்குச் சமமாக இருக்க வேண்டும், வாட் அதைவிடக் குறையக் கூடாது. கீபோர்டு அண்ணனிடம் நீங்கள் வாசிக்கும் இடத்தில் மட்டும் இடது கையை எடுக்கச் சொல்லுங்கள்.

ஆறாவது கம்பி:

இப்போதைக்கு மாற்றவில்லை அண்ணா. ஸ்லோ பாட்டுக்கு அந்த மூக்குக் குரல் கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது. மெட்டல் சேனலில் நிறுத்தும்போது வரும் உஸ்ஸ் சத்தத்துக்கு வேறு இழை போடட்டுமா?

நாலு கம்பிக்காரன்:

வேண்டாம். கெயினை 7-லிருந்து 5-க்கு இறக்கிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.