மோட்டாரை நிறுத்துவதா, மெதுவாக ஓட்டுவதா?

உவர்நிலம்:
“கடலோரத்தில் எவ்வளவு இறைத்தாலும் ஒரு மழையில் ஊறிவிடும்” என்று ‘ஆழ்துளை’ என்ற பெயரில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊறுவது எந்த நீர்? நன்னீர் அங்கே உப்புநீரின் மேல் மிதக்கிறது. அது எவ்வளவு ஆழம் வரை நிற்கும் என்று சொல்லும் கைபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்குப்படி, கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருந்தால் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். மேலே அரை மீட்டர் இறக்கினால் அடியில் 20 மீட்டர் போய்விடும்.

ஆழ்துளை:
அது அசையாத நீருக்கான கணக்கு ஐயா. உப்பு மறுநாளே ஏறிவிடாது, ஆண்டுக்கணக்கில் ஆகும். தாகம் இன்றைக்கே எடுக்கிறது. கரித்தால் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. கருவி வைத்துக்கொள்கிறோம்.

உவர்நிலம்:
மெதுவாக வந்த உப்பு மெதுவாகத்தான் போகும். ஆர்.ஓ. பிரித்துத் தள்ளும் உப்புக் கழிவை எங்கே விடுவீர்கள்? அதே மண்ணில்தானே!

வாளி:
இருவருமே மொத்த அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் கிணற்றில் காலையில் மோட்டார் போட்டால் நல்ல தண்ணீர் வரும், மாலையில் சோப்பு நுரைக்காது. இரவு விட்டுப் பார்த்தால் காலையில் மறுபடி நல்ல தண்ணீர். வேகமாக உறிஞ்சும்போது உப்புநீர் குழாய்க்கு நேர் கீழே கூம்பாக எழும்பும் என்று பிறகுதான் தெரிந்தது. குழாயின் அடிப்பகுதியைச் சிமெண்டால் அடைத்தோம். சிறிய மோட்டார் மாட்டி, இடையிடையே நிறுத்தி ஓட்டுகிறோம். நாள் முழுக்கச் சேர்வது முன்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

ஆழ்துளை:
அப்படிச் சொல்லுங்கள்! அல்லது உள்நாட்டுப் பக்கம் போய் ஆழமாகப் போடலாம்.

உவர்நிலம்:
ஆழம் போனவர்கள் கதையையும் கேளுங்கள். கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஓரிடத்தில் 1925 முதல் 1977 வரை நிலத்தடி நீரை இறைத்ததால் நிலம் சுமார் 28 அடி இறங்கியது. அப்படி நசுங்கும் களிமண்ணிலிருந்து பிழிந்துவரும் நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சும் வரலாம். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். உப்பையாவது நாக்கு காட்டிக்கொடுக்கும், இதைக் காட்டாது.

ஆழ்துளை:
சரி, கண்காணிப்புக் கிணறு வையுங்கள், மாதாமாதம் உப்பை அளங்கள். அளவு ஏறினால் யாருடைய மோட்டாரை முதலில் நிறுத்துவது?

உவர்நிலம்:
கடலுக்கு மிக அருகில் இருப்பதை.

ஆழ்துளை:
அது என்னுடையது.