வேலைக்குப் போகும் அம்மாக்கள் எப்போது நடப்பது?

கொக்குவில் அம்மா:
போன மாதம் கிளினிக்கில் வெறும் வயிற்றில் சீனி பார்த்தபோது 118 வந்தது. "126க்குப் போனால் சீனி வருத்தம். அதற்கு முதலே நடக்கத் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம்" என்றார் டொக்டர். என் அம்மாவுக்கு இதே வருத்தத்தால் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். புண்ணுக்கு மருந்து கட்டியது நான்தான். அதனால் டொக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஐந்து மணிக்கு எழும்பினால் இடியப்பம், சம்பல், சொதி, நாலு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு. ஏழரைக்குப் பாடசாலை. எட்டரைக்குக் கந்தோர். நாலரைக்கு வீட்டுக்கு வந்ததும் மூத்தவளை நல்லூரடிக்கு ரியூசனுக்கு ஏற்ற வேண்டும். நான் படுக்கப் பதினொரு மணியாகிவிடும். இதற்குள் அரை மணித்தியாலத்தை எங்கே செருகுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பண்ணை நடை:
நாலரைக்கு எழும்புங்கள் தங்கச்சி. ஆறு வருடமாக முற்றவெளியில் இருந்து பண்ணைப் பாலம் வரை போய் வருகிறேன். பின்னேரம் பார்க்கலாம் என்று விட்ட நாட்களில் ஒருநாளும் நடந்ததில்லை. யாராவது வருவார்கள், செத்த வீடு இருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். விடியப்புறம் அப்படி ஒன்றும் வராது, வெயிலும் இல்லை. மூன்று கிழமை கஷ்டப்பட்டால் பிறகு உடம்பே எழுப்பிவிடும்.

கிளினிக் தாதி:
அண்ணை, பதினொரு மணிக்குப் படுப்பவரை நாலரைக்கு எழும்பச் சொன்னால் ஐந்தரை மணித்தியால நித்திரைதான் மிஞ்சும். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது வேண்டும். நித்திரை குறைந்துகொண்டே போனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசியும் கூடும். சீனியைக் குறைக்க நடக்கப் போய் நித்திரையைப் பறிகொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு. முந்தி ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்கில் சேரும். அதிலும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறையும். உங்களுக்கு வேண்டியதே அதுதான்.

பண்ணை நடை:
நித்திரையைப் பற்றிச் சொன்னது சரி. படுக்கிற நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரட்டும். ஆனால் துண்டு நடை நிலைக்காது. என்னோடு வேலை செய்த நாலு பேர் "சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம்" என்று தொடங்கினார்கள். இரண்டாம் மாதம் ஒருவரும் இல்லை. ஒரு நேரம், ஒரு பாதை, ஒரு சோடிச் சப்பாத்து என்று இருந்தால்தான் பழக்கமாகும்.

சைக்கிள்காரி:
ஒன்று கேட்கிறேன் அண்ணை. நீங்கள் பண்ணையில் நடக்கும்போது உங்கள் வீட்டில் இடியப்பம் பிழிவது யார்?

பண்ணை நடை:
மனுசிதான். மறைக்க ஒன்றும் இல்லை.

சைக்கிள்காரி:
அதைத்தான் சொல்ல வந்தேன். நாலரை மணி நாலரை மணி என்று சொல்பவர்களுக்குப் பின்னால் யாரோ ஒருவர் குசினியில் நிற்கிறார். கொக்குவில் அம்மாவுக்கு அப்படி ஒருவர் இல்லை. அக்கா, உங்கள் அவர் பின்னேரத்தில் என்ன செய்கிறார்?

நான் 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்த நேரம் அப்பாவின் பழைய சைக்கிளை எடுத்தவள். பெற்றோல் வந்த பிறகும் விடவில்லை. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்த காலத்தில் ஊரே சைக்கிளில்தான் ஓடியது என்று அப்பா சொல்வார். கொக்குவிலில் இருந்து ரவுணுக்கு நாலு கிலோமீற்றர்தானே வரும்? எப்படியும் போகவேண்டிய வேலையிலேயே பயிற்சியும் முடிந்துவிடும்.

மானிப்பாய் வளவு:
எங்கள் ஆச்சி எங்கே நடைப்பயிற்சிக்குப் போனா? வளவு கூட்டி, கிணற்றில் அள்ளி, மா இடித்து 88 வயது வரை இருந்தா. வீட்டு வேலையை ஒழுங்காகச் செய்தாலே போதும்.

கிளினிக் தாதி:
ஆச்சி இடித்த மாவை நாம் கடையில் வாங்குகிறோம். கிணற்றில் மோட்டார், குசினியில் மிக்ஸி, படலையடிக்குப் போகவும் ஸ்கூட்டி. ஆச்சி செய்த வேலையில் பாதிகூட நமக்கு மிச்சமில்லை. ஈர்க்கு விளக்குமாற்றால் முற்றத்தை விறுவிறு என்று கூட்டினால் அதுவும் சேரும். கதைக்க முடிந்து, பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். இடியப்பம் பிழிவதில் கை நோகும், மூச்சு வாங்காது. கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும், அதற்கு விளக்குமாறு காணாது.

கொக்குவில் அம்மா:
சைக்கிள் எனக்குச் சரிவராது. சின்னவனையும் இரண்டு பையையும் ஏற்றிக்கொண்டு பலாலி வீதியில் பஸ்ஸுக்கு ஒதுங்கப் பயம். விடியப்புறம் எங்கள் ஒழுங்கையில் கட்டாக்காலி நாய்கள் ஆறேழு கிடக்கும், இருட்டில் தனியாகப் போக மாட்டேன்.

கேட்டதற்கு மறுமொழி: அவர் ஆறு மணிக்கு பட்மின்டன் விளையாடப் போவார், கிழமைக்கு நாலு நாள். அதில் பிழை இருப்பதாக இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. நேற்று இரவு இந்த உரையாடலை அப்படியே அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ரியூசன் வாசல்:
உங்கள் முதல் பதிவிலேயே நேரம் இருக்கிறது அக்கா. ரியூசனுக்கு ஏற்றிவிட்டு என்ன செய்கிறீர்கள்? எங்கள் இடத்தில் முப்பது பெற்றோர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு ஒன்றரை மணித்தியாலம் போன் பார்ப்போம். ஒருநாள் நானும் இன்னொரு அம்மாவும் இறங்கி நடந்தோம். இப்போது ஐந்து பேர். கூட்டமாகப் போவதால் யாரும் "எங்கே தனியாக" என்று கேட்பதும் இல்லை.

கொக்குவில் அம்மா:
இன்று செய்தேன்! மகளை இறக்கிவிட்டு நல்லூர் வெளிவீதியைச் சுற்றி 32 நிமிடம். செருப்போடு போனதால் குதிக்கால் உரிந்துவிட்டது, சப்பாத்து வாங்க வேண்டும். கிழமைக்கு மூன்று நாள் ரியூசன். மிச்சத்துக்கு, செவ்வாயும் வெள்ளியும் பட்மின்டனை விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தான் பார்ப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

பண்ணை நடை:
நல்லது தங்கச்சி. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு என்ன செய்வீர்கள்? ரியூசன் லீவு விட்டால்? அந்த நேரம்தான் விட்டுப்போகும். விடியப்புறம்தான் நிலைக்கும் என்ற கருத்தை நான் மாற்றவில்லை.

கிளினிக் தாதி:
மழை நாளில் விறாந்தையில் நடக்கலாம். ஒரு கதிரையைச் சுவரோடு வைத்து, கை ஊன்றாமல் பத்துத் தடவை இருந்து எழும்பலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் சோதிக்கக் கொடுங்கள் அக்கா, அதற்கு முதல் நிறுத்த வேண்டாம்.

கொக்குவில் அம்மா:
கதிரைப் பயிற்சி 12 தடவை செய்தேன். தொடை இரண்டும் நடுங்கிவிட்டது. சின்னவன் பக்கத்தில் நின்று எண்ணினான். ஒன்பதிலேயே எழும்ப முடியாமல் இருந்தபோது கையைப் பிடித்து இழுத்தான்.