நடுநிலையா, நடுவுநிலைமையா, கோடாமையா?

அன்புடையீர்,

நீதிபதிகளின் நடத்தைக்கான பெங்களூரு நெறிகளைச் சட்ட மாணவர்களுக்காகத் தமிழாக்கும்போது, ஆறு விழுமியங்களுள் இரண்டாவதான ‘இம்பார்ஷியாலிட்டி’யை (ஒருபக்கம் சாயாமையை) வரைவில் ‘நடுநிலை’ என்று எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நடுநிலை என்றாலே எப்பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொள்வது என்றுதான் இன்று பொருள்கொள்கிறோம். நீதிபதியோ ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பளித்தே ஆகவேண்டும். (மாணவர்க்கு நடுநிலைப் பள்ளி நினைவுக்கு வந்தாலும் வியப்பில்லை.)

நம் கலந்துரையாடலில் முனைவர் ஐயா முன்மொழிந்த ‘நொதுமை’யும் (அயன்மையும்) பொருந்தாது. பகை, நொதுமல், நண்பு என்னும் மூன்று பகுதியிலும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்பதே நடுவு நிலைமை என்கிறார் பரிமேலழகர். அங்கே நொதுமல் எடைபோடப்படும் அயலாரைக் குறிக்கிறதே அன்றி, எடைபோடுபவரை அன்று. நடுவுநிலைமைக்கோ பழைய சான்று உண்டு: பட்டினப்பாலை புகார் வணிகரை ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்கிறது. பகல் என்பது நுகத்தின் நடுவே தைத்த ஆணி, இரு எருதுகளின் இழுப்பையும் தாங்குவது. தொல்காப்பியர் பாலையை ‘நடுவுநிலைத் திணை’ என்றதை ஐயா இதனோடு இணைத்தது சுவையாக இருந்தாலும், பாலை வெயில் நீதிமன்றம் வரை நீளாது.

என் விருப்பம் ‘கோடாமை’, அதாவது ஒருபக்கம் வளையாமை. குறள் 115, 118 இரண்டுமே அதைச் சான்றோர்க்கு அணி என்கின்றன. சீர்தூக்கும் கோலில் எடை மிகுந்த தட்டு தாழத்தான் செய்யும். தூக்குமுன்பே கோல் சாய்ந்திருக்கலாகாது, அவ்வளவே. இவ்விழுமியம் தீர்ப்புக்கு மட்டுமன்றி, அதை எட்டும் வழிமுறைக்கும் உரியது என்று பெங்களூரு நெறிகள் சொல்வதைக் குறள் 119 சொற்கோட்டம் (சொல்லில் கோணல்), உட்கோட்டம் (உள்ளத்தில் கோணல்) என்று முன்பே பிரித்து வைத்திருக்கிறது.

‘உட்கோட்டம் இல்லாத நீதிபதி’ என்றால், டிஎஸ்பி அலுவலகம் இல்லாத ஊர் என்று படிப்பார்கள் என வழக்கறிஞர் அம்மையார் எழுதியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. காவல் உட்கோட்டமும் வருவாய்க் கோட்டமும் அச்சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனால் கட்சிக்காரருக்குப் புரிவது ‘பாரபட்சமின்மை’தான் என்பதற்காக அதையே தலைப்பாக்க வேண்டியதில்லை, வடசொல் என்பதற்காக அதை அடியோடு நீக்கச் சொல்வோரோடும் நான் சேரவில்லை, விளக்கவுரையில் அது இருக்கட்டும்.

பெரும்பாலோர் ‘நடுவுநிலைமை’க்கு இசைந்திருப்பதாலும் வரைவு இவ்வாரமே அச்சுக்குப் போவதாலும் தலைப்பில் அதையே இடலாம். ஒதுங்கி நிற்கும் ‘நடுநிலை’, சாயாது தீர்ப்பளிக்கும் ‘நடுவுநிலைமை’ என ‘வு’ ஒன்றை வைத்து இரு கருத்துகளை வேறுபடுத்த முடியாது என்ற அம்மையாரின் மறுப்பு அப்படியேதான் நிற்கிறது. வாக்கியங்களுக்குள்ளாவது ‘கோடாத தீர்ப்பு’ என்று எழுத இடம் கொடுங்கள்.