மழை விடவில்லை, கருப்பன் வீட்டைத் தின்றுகொண்டிருக்கிறான்

கேள்வி: சயன் நாலாம் மாடி

மும்பை சயனில் ஒரு ஹால், ஒரு கிச்சன். நான், வீட்டுக்காரர், மாமியார், அப்புறம் கருப்பன். இரண்டு வயது, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய், 18 கிலோ. வெயில் காலத்தில் பிரச்சினையே இல்லை. காலை முக்கால் மணி, ராத்திரி முக்கால் மணி நடந்துவிட்டு வந்து ஃபேனுக்கு அடியில் மல்லாந்துவிடுவான். ஜூனில் மழை பிடித்ததிலிருந்து கீழே போவது ஐந்து நிமிடம்தான். காலைத் தூக்கிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு மேலே ஓடி வருகிறான். மிச்ச நேரமெல்லாம் வீட்டுக்குள்.

இதுவரை போனவை: இரண்டு ஜோடி செருப்பு (அதிலும் இடது கால் மட்டும், என்ன கணக்கோ), டிவி ரிமோட், ஒரு தலையணை. நேற்று மாமியாரின் ஸ்ரீராமஜெயம் நோட்டு. முப்பதாயிரம் தாண்டி எழுதியிருந்தார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மழையானால் என்ன, நனைந்தால் நனையட்டும், நடத்திக் கூட்டிப் போ என்கிறார் வீட்டுக்காரர். எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் முழங்கால் தண்ணீர். அதோடு கருப்பன் முன்னங்கால் விரல் இடுக்கை நக்கிக்கொண்டே இருக்கிறான். செப்டம்பர் வரை எப்படித் தள்ளுவது?

பதில்: செம்பூர் மாமா

அம்மா, அவனுக்குக் கால் ஓயவில்லை என்று நினைக்கிறீர்கள். ஓயாதது மூக்கு. அந்த முக்கால் மணி நேரத்தில் அவன் நடந்தது பாதி நேரம்தான் இருக்கும். மீதி நேரம் ஒவ்வொரு சுவரிலும் யார் வந்தார், யார் போனார் என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். மழை அந்தப் பேப்பரை நிறுத்திவிட்டது. அதனால் நோட்டைப் படிக்கிறான்.

முதலில் தட்டில் சோறு வைப்பதை நிறுத்துங்கள். பரணில் பழைய இட்லித் தட்டு கிடக்குமே, அதை இறக்குங்கள். ஒவ்வொரு குழியிலும் வேகவைத்த கோழித் துணுக்கோ அவன் சாப்பிடும் உருண்டையோ இரண்டு மூன்று. முதல் நாள் அப்படியே வையுங்கள். இரண்டாம் நாள் பாதிக் குழிகளைத் துணியால் மூடுங்கள். நாலாம் நாள் எல்லாவற்றையும். எடுத்த எடுப்பில் கஷ்டமாக்கினால் தட்டையே கடிப்பான், எங்கள் வீட்டுத் தட்டின் விளிம்பில் அத்தாட்சி இருக்கிறது.

அப்புறம் பழைய வேட்டி. தரையில் விரித்து, சாப்பாட்டைத் தூவி, பாய் மாதிரி சுருட்டிக் கொடுங்கள். மூக்கால் உருட்டி உருட்டிப் பிரிப்பான். ஒரு வாரம் போனதும் நடுவில் தளர்வாக ஒரு முடிச்சு. விளையாட்டு முடிந்ததும் வேட்டியை எடுத்து வைத்துவிட வேண்டும். துணியைக் கிழித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும்.

உப்பு, தாளிப்பு எதுவும் இல்லாத தயிர் சாதத்தைக் கொஞ்சமாக அகலக் கிண்ணத்தில் ஃப்ரீசரில் வைத்து இறுக விட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டு நாய், என் கிழவி, அதை இருபது நிமிடம் நக்குவாள். வெங்காயம் கூடாது. பிள்ளையார் சதுர்த்திப் பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இன்னொன்று. ஒளித்து வைக்கிற வேலையை மாமியாரிடம் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

பதில்: முலுண்ட் பையன்

இவ்வளவு மெனக்கெட வேண்டாம். மட்டன் குழம்பில் வெந்த எலும்பு இரண்டு போடுங்கள், நாள் பூரா கடிக்கும். காலை நக்குகிறது என்றால் வலி இருக்கும், நாம் போடுகிற வலி மாத்திரையில் கால் துண்டு தயிரில் வைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பதில்: தாராவி டீச்சர்

தம்பி, இரண்டுமே தப்பு. வெந்த எலும்பு கூர் கூராக உடையும், தொண்டையையோ குடலையோ கிழிக்கும். நாம் சாதாரணமாகப் போடும் வலி மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணாக்கி சிறுநீரகத்தில் கை வைக்கும். காய்ச்சல் மாத்திரையும் ஈரலைக் கெடுக்கும். டாக்டர் எழுதாமல் எதுவும் வேண்டாம்.

அக்கா, விரல் இடுக்கு ஈரம் காயாமல் புண்ணாகியிருக்கலாம். நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சிவந்தோ நாற்றமாகவோ இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். துடைக்கும்போதே காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் நடுவில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் சாப்பாடு குறைவதில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள். 2019 ஜூலை மழையில் எங்கள் நாய் ராணி தேங்கிய தண்ணீரை இரண்டு வாய் குடித்தாள். நானும் பார்த்தேன், பெரிதாக நினைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வாந்தி. முதலில் காட்டிய இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கண் வெள்ளை மஞ்சளாகிவிட்டது, மூத்திரம் டீ டிகாக்‌ஷன் நிறம். பரேல் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். லெப்டோ. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருக்கிற கிருமி. வாய் வழியாகத்தான் என்றில்லை, காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலே உள்ளே போய்விடும். எட்டு நாள் டிரிப்ஸ் ஏறியது, பிழைத்தாள். அவளுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தேன், அதுவே எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன்.

கருப்பனின் ஊசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் சீட்டில் மருந்தின் பெயரோடு ‘எல்’ இருந்தால் லெப்டோவும் சேர்ந்தது. முதல் தடவை என்றால் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடம் ஒன்று. எல்லா வகை லெப்டோவையும் அது தடுக்காது, அதனால் தேங்கிய தண்ணீரில் இறக்கவே வேண்டாம். இது மனிதருக்கும் வரும். அவன் வீட்டுக்குள் மூத்திரம் போனால் கையுறை போட்டுத் துடையுங்கள். வீட்டுக்காரர் வெள்ளத்தில் நடந்து வந்தால் அவரும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும், மாநகராட்சி மழைக்கு மழை சொல்வதுதான்.

மழையில் விளக்குக் கம்பத்தில் காலைத் தூக்க விடாதீர்கள். கம்பத்தில் கரண்ட் கசிந்தால் முதலில் போவது அவன். இரும்புச் சங்கிலி என்றால் கூடவே உங்கள் கை.

பதில்: சயன் நாலாம் மாடி

மாமா, டீச்சர், இரண்டு பேருக்கும் நன்றி. அட்டையில் ‘எல்’ இருந்தது, ஆனால் போன வருடம் ஏப்ரலில் போட்டது. தேதி தாண்டிவிட்டதால் மறுபடி முதலிலிருந்து இரண்டு ஊசி என்றார் டாக்டர். நேற்று ஒன்று போட்டாகிவிட்டது. விரல் இடுக்கில் பூஞ்சை, களிம்பு தந்திருக்கிறார். சங்கிலியை மாற்றி நைலான் பட்டை வாங்கிவிட்டோம். காலையில் கட்டிட பார்க்கிங்கிலேயே ஒவ்வொரு கார் சக்கரமாக மோந்துகொண்டு இருபது நிமிடம் சுற்றுகிறோம், வாட்ச்மேன் எங்களை ஒரு மாதிரி பார்க்கிறார்.

இட்லித் தட்டு நாலு நாளாக ஓடுகிறது. வேட்டியை மாமியார்தான் சுருட்டுகிறார். “தேடுடா கருப்பா” என்று குரல் கொடுத்துவிட்டு, அவன் முடிக்கும் வரை நகர மாட்டேன் என்கிறார். புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது. மாமா, தயிர் சாதம் மட்டும் ஆறு நிமிடத்தில் காலி, உங்கள் கிழவி எப்படி இருபது நிமிடம் எடுக்கிறாள்?

பதில்: செம்பூர் மாமா

அவளுக்குப் பல் நாலுதான் பாக்கி. கிண்ணத்தை ஆழமாக, வாய் குறுகலாக எடுங்கள், ஆனால் தலை உள்ளே மாட்டாத அளவில்.