மஃபாத்தில் பழைய மரவீட்டில் ஓர் இரவு: அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி (சான்-தெனி): புதுச்சேரியிலிருந்து அம்மா வந்திருக்கிறார், வயது 63. நம் ரெயூனியன் தீவின் மலைகளுக்கு நடுவே இருக்கிற மஃபாத்துக்கு ரோடே கிடையாது, நடந்துதான் போக வேண்டும் என்று சொன்னேன். அன்றிலிருந்து பார்த்தே தீர வேண்டும் என்கிறார். ஜூலையில், அங்கே லா நூவெல் என்ற ஊரில் ஒரு பழைய மரவீட்டில் இரண்டு கட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். முழங்கால் தாங்குமா? அப்புறம், அந்த வீடுகள் ‘தாமரென்’ மரத்தில் கட்டியவையாமே; பிரெஞ்சில் அது புளியின் பெயராயிற்றே. புளியமரத்தடியில் படுக்கவே கூடாது என்று வளர்ந்தவர் அம்மா, தயங்குகிறார்.

பதில் (சான்-ஆந்த்ரே): தம்பி, அது நம் புளி இல்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். மலைத் தாமரென் வேலமரத்துக்குச் சொந்தம். ஹவாய்த் தீவின் கோவா மரத்துக்கு நெருங்கிய உறவு.

நான் தச்சன். மழை அடிக்கிற பக்கத்துச் சுவரைப் போனதும் பாருங்கள். மீன் செதிள் மாதிரி மரச்சில்லுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடித்திருக்கும், ‘பர்தோ’ என்போம். நல்ல பர்தோவை ரம்பம் போட்டு அறுப்பதில்லை, கத்தி வைத்துப் பிளப்பார்கள். அறுத்தால் நார் வெட்டுப்பட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கும்; பிளந்தால் நார் முழுசாக நிற்கும், மழை வழிந்து ஓடிவிடும். பழையது சாம்பல் நிறமாக இருக்கும். மேலிருந்து கீழே விரலால் தடவினால் சின்னச் சின்ன வாய்க்கால்கள் தட்டுப்படும். இப்போது ஹெலிகாப்டரில் தகரம் வந்து இறங்குகிறது. பர்தோ சுவர் ஒன்றைப் பார்த்தால் நான் நின்றுவிடுவேன்.

முன்பு எல்லாமே நடந்துதான் போய்ச் சேரும். தபால்காரர் இவ்ரின் போசே 40 ஆண்டு அந்தப் பாதைகளில் கடிதம் சுமந்தார்.

பதில் (லா பொசெசியோன்): கோல் தே பஃப் கணவாய் வழியாகவே இறங்குங்கள். தாமரென் காட்டு வழியாக இரண்டு மணி நேரம், அம்மாவோடு என்றால் மூன்று வையுங்கள். உருட்டுக்கட்டைப் படிகள் மழையில் வழுக்கும். திரும்பும்போது சுமார் 500 மீட்டர் ஏற்றம், அதனால் விடிந்ததும் கிளம்புங்கள். அங்கே சூரிய மின்சாரம்தான், ஹீட்டரை நம்பாதீர்கள். ஜூலை இங்கே குளிர்காலம்; கம்பளிச் சட்டை, காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். இரவுச் சாப்பாட்டை முன்பே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. வேலமரம் என்றதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது; சின்ன வயதில் வேலங்குச்சியில் பல் துலக்கியவர். ஊன்றுகோல் இரண்டு வாங்கிவிட்டேன். பர்தோ சுவர் இருந்தால் கிட்டே போய்ப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், அண்ணே.