பொருள்: கருப்பைக் கட்டிக்குச் சொல் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

எல்லாருக்கும் வணக்கம். பெண்களுக்கான முகாம் ஒன்றுக்குத் துண்டறிக்கை எழுதுகிறேன், திங்கள் காலை அச்சுக்குப் போகணும். பைப்ராய்டு கருப்பையின் நடுச்சுவர்த் தசையில் வளர்வது, புற்று அல்ல. எண்டோமெட்ரியல் கான்சர் அந்தச் சுவருக்கு உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வில் வருவது. முதலாவது இரண்டாவதாக மாறாது. ஆனால் ஊரில் இரண்டுக்குமே "வயித்துல கட்டி"தான். மெய்ப்பு வந்தபோது தலைப்பு இப்படி இருந்தது: "கருப்புக்கட்டி புற்றுநோய் ஆகுமா?" ஒரு எழுத்து மாறிப்போச்சு. கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.
— செவிலியர், ஆலங்குளம்

அக்கா, 'நார்த்திசுக்கட்டி' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?
— சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, நார் என்கிற அந்த ஆங்கிலப் பெயரே தப்பு. அதை நாமும் பெயர்த்து வைக்கணுமா? அறுத்துப் பார்த்தால் வெள்ளையாக, ரப்பர் மாதிரி, சுழிசுழியாக இருக்கும். முக்காலும் தசை. 'தசைக்கட்டி' போதும்.
— மகப்பேறு மருத்துவர், தென்காசி

பனங்காட்டில் பிறந்தவன் நாரை விடுவேனா டாக்டரம்மா! மட்டையின் வெளிநார் புறணி, உள்நார் அகணி. உள்சவ்வுக்கு 'கருப்பை அகணி' என்று வைத்தால் என்ன? அகம், அகடு, அகணி எல்லாம் ஒரே வேர். அகடு என்றால் வயிறு. புறணி பேசுகிறவளும் நமக்குப் புறத்தே நின்றுதானே பேசுகிறாள்?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சேரன்மாதேவி

அண்ணாச்சி, அருமைதான். ஆனால் பள்ளிப் பாடத்தில் அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதிக்கும் உட்பகுதிக்கும் புறணி, அகணி இரண்டையும் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். ஒரு பெயரை எத்தனை உறுப்புக்குத்தான் வைப்பது?
— அறிவியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் கற்பித்தார். நாம் இன்னும் 'பைப்ராய்டு' என்கிறோம். வெட்கம்.
— சேரன்மாதேவி

வெட்கத்தை அப்புறம் பார்ப்போம் ஐயா. போன மாதம் 58 வயது அம்மா ஒருவர் வந்தார். மாதவிலக்கு நின்று ஆறு வருஷம். இரத்தம் படத் தொடங்கி எட்டு மாதம். "பழைய கட்டிதான் டாக்டரம்மா, முன்னாடியே ஸ்கேன்ல சொன்னாங்க" என்றார். மாதவிலக்கு நின்றபின் தசைக்கட்டி பெரும்பாலும் சுருங்கும். அந்த வயதில் சொட்டு இரத்தம் பட்டாலும் உள்சவ்வைத் துளி எடுத்துச் சோதிக்கணும். அப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் புற்று இருக்கும். இந்த அம்மாவுக்கும் இருந்தது. 'கட்டி' என்ற ஒற்றைச் சொல்லில் எட்டு மாதம் போய்விட்டது.
— தென்காசி

அப்படியானால் 'பெரும்பாடு' என்று தலைப்பு வைக்கலாமே? சித்த மருத்துவச் சொல், எங்கள் ஆச்சிக்கும் தெரியும்.
— பாளையங்கோட்டை

அது அதிக இரத்தப்போக்குக்குப் பெயர், தம்பி. இரண்டு நோயிலும் வரும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் தூண்டுதலும் உடற்பருமனும்கூட இரண்டோடும் சேர்த்தே பேசப்படுகின்றன. அதனால்தான் ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று நினைக்கிறார்கள். ஒரே தெருவில் குடியிருந்தால் அண்ணன் தம்பியா? தசையிலேயே பிறக்கும் புற்று ஒன்று உண்டு, மிக அரிது. அதைத் துண்டறிக்கையில் இழுக்க வேண்டாம்.
— தென்காசி

சரி, முடிவுக்கு வருவோம். 'பைப்ராய்டு என்கிற தசைக்கட்டி', 'கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய்'. யாருக்காவது மறுப்பு?
— ஆலங்குளம்

உள் + சவ்வு = உட்சவ்வு. ளகரம் டகரமாகத் திரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.
— சேரன்மாதேவி

ஐயா, முகாமில் நாலு பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன். 'உட்சவ்வு' என்ற இடத்தில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தி "உச்சவுவா?" என்றாள். 'உள்சவ்வு' என்றதும் சவ்வு மிட்டாய் போலவா என்று கேட்டு, அவளே புரிந்துகொண்டாள்.
— ஆலங்குளம்

'உள்சவ்வு'க்கு என் ஓட்டு. தூக்கம் வருகிறது.
— அம்பாசமுத்திரம்

எனக்கும் அதுவே.
— தென்காசி

அச்சுக்குப் போகட்டும். ஆனால் சந்திப்பிழையோடு போகிறது என்பதையும் இந்த மடலிலேயே பதிந்து வைக்கிறேன். அகணியை நான் விடவில்லை, அடுத்த துண்டறிக்கைக்கு வருவேன்.
— சேரன்மாதேவி